தூசியும் வீசிங்கும்: நீலகிரிக்காரர்கள் கேட்டவை

நெஞ்சு நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தூசி, ஆஸ்துமா பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஊட்டி: சிஸ்டர், மலைக்காற்று நல்லது என்றுதான் அம்மாவைக் கூட்டி வந்தோம். இங்கே வந்து இழுப்பு கூடிவிட்டதே?

வெளிக்காற்று நல்லதுதான், வீட்டுக்குள் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையூருக்கு ஆஸ்துமாக்காரர்களை அனுப்புவது அங்கே காற்று உலர்ந்திருப்பதால். தூசி உண்ணி என்ற நுண்ணிய சிற்றுயிர் அங்கே பிழைக்காது. ஊட்டி அதைவிட உயரம், ஏறத்தாழ 2,240 மீட்டர், ஆனால் மாதக்கணக்கில் மழை, மூடுபனி. ஈரம் ஏறிய மெத்தையிலும் கம்பளியிலும் அந்த உண்ணி, நாம் உதிர்க்கும் தோலைத் தின்று பெருகும். கண்ணுக்குத் தெரியாது. அதன் எச்சம்தான் மூச்சுக்குழாயைச் சீண்டுவது, அதுவும் சும்மா கிடக்கும்வரை பெரிதாகப் பறக்காது, காலையில் ரஜாயை உதறுகிறோம் பாருங்கள், அப்போதுதான் எழும்பும். அம்மா அறையில் இருக்கும்போது உதறாதீர்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி, அதாவது கை வைக்க முடியாத சூட்டில் துவையுங்கள். கம்பளியை வெயில் கண்ட அன்றே வெளியே போடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும்.

கோத்தகிரி: டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை. லீவில் ஊருக்குப் போனால் மூச்சு சரியாகிவிடுகிறது, திரும்பினால் மறுபடி இருமல்.

நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. தேயிலைத் தூளால் ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் கருவி, ஒன்று வாங்கி, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி அளவைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், அந்த நோட்டு ஆயிரம் வார்த்தை பேசும். இலை வாட்டும் பகுதிக்கு மாற்றிக் கேளுங்கள், அங்கே தூள் குறைவு. தள்ளிப்போடாதீர்கள் அண்ணா, வருடக்கணக்கில் இழுத்தால் வேலையை விட்ட பிறகும் விடாது.

குன்னூர்: ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கர்ச்சீஃப் கட்டினால் போதுமா?

போதாது. கண்ணில் படுகிற மண்ணை மூக்கே ஓரளவு பிடித்துவிடும். தூசியில் 10 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது மூச்சுக்குழாய்வரை போகும், 2.5-க்குக் கீழே உள்ளது நுரையீரலின் கடைசிவரை. அவை துணி வழியே நுழைந்துவிடும். என்95 மாஸ்க் போட்டு மூக்குக் கம்பியை அழுத்துங்கள்.

கூடலூர்: பையனுக்கு இன்ஹேலர் தினமும் கொடுத்தால் பழக்கமாகிவிடாதா? வீசிங் வந்தால் மட்டும் கொடுக்கிறோம்.

இந்தப் பயம்தான் எனக்கு வேதனை. பழக்கமாகாது. வீசிங் வந்ததும் கொடுக்கும் சல்பூட்டமால் மருந்து மூச்சுக்குழாயை விரித்துவிடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். மைக்ரோகிராம் கணக்கில்தான் மருந்து, மாத்திரை மாதிரி மில்லிகிராமில் இல்லை. டாக்டர் தினமும் என்று எழுதியிருந்தால் தினமும் கொடுங்கள், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குடுவை). பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ஊட்டி: குளிருக்கு ராத்திரி கரிச்சட்டி வைக்கலாமா?

கூடாது. புகை வீசிங்கைக் கிளப்பும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

கோத்தகிரி: நடுராத்திரி முற்றினால்?

உட்கார வையுங்கள். ஸ்பேசரில் சல்பூட்டமால் ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு, அப்புறம் அடுத்தது, பத்துவரை. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, விலா உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே 108. வண்டி மலை ஏறி வரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள்.