வாலுளுவை விதை மறதியைப் போக்கும், மூளையைக் காக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே? அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

எலிகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். மருந்தியல் படித்தபோது இந்த வகைச் சோதனைகளைச் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் பவுடர் போட்டுக் கலங்கலாக்குவோம். நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே சின்ன மேடை ஒன்று மறைந்திருக்கும். முதல் நாள் எலி தொட்டியின் ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி நீந்தும். சில நாளில், அறைச் சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து நேராகப் போய் மேடையில் ஏறி, முகத்தைத் துடைத்துக்கொள்ளும். அதற்கு எத்தனை வினாடி ஆனது என்பதுதான் கணக்கு. ரிச்சர்ட் மாரிஸ் 1980களில் கொண்டுவந்த முறை இது.

இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் எலிக்கு மறதி தானாக வருவதில்லை. ஸ்கோபோலமின் ஊசி போட்டு வரவழைக்கிறார்கள். ஊமத்தையில் இருக்கும் அதே பொருள்தான். மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வேலை செய்யவிடாமல் கொஞ்ச நேரம் தடுக்கும். 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாலுளுவை எண்ணெயை 14 நாள் குடித்த எலிகளுக்கு இந்த மறதி நீங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் அல்சைமரில் நரம்பணுக்களே செத்துப்போகின்றன. ஊசி மருந்தின் வேகம் இறங்கினால் தெளிந்துவிடுகிற மறதி இல்லை அது.

மூளைப் பாதுகாப்பு என்று எழுதுவதும் பல நேரம், தட்டில் வளர்த்த நரம்பணுக்கள் மீது, அளவு மீறினால் அவற்றைக் கொல்லும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவுக்கு மீறி ஊற்றி, வாலுளுவைச் சாறு சேர்த்த தட்டில் எவ்வளவு பிழைத்தது என்று பார்ப்பதுதான். வாய்வழி போகிற சாறு கல்லீரலைத் தாண்டி மூளைக்குப் போய்ச் சேர வேண்டுமே? அப்புறம், எண்ணெய் வேறு, தண்ணீரில் இறக்கிய சாறு வேறு. கடையில் வாங்கும் புட்டியில் இருப்பது ஆய்வில் கொடுத்ததுதானா?

ஜிங்கோ இலைச் சாற்றுக்கும் இதே பேர் இருந்தது. அமெரிக்காவில் 3,069 முதியவர்களில் பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து ஆறு ஆண்டுகள் போலப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவது குறையவில்லை.

அப்பாவை முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவு, தைராய்டு இரண்டுமே மறதி தரும், இரண்டுக்கும் மருந்து உண்டு. அப்பா போடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள். சளி, அரிப்புக்குப் போடும் பழைய மாத்திரைகள் சில, ஸ்கோபோலமின் போலவே அசிட்டைல்கோலினைத் தடுப்பவை.