பொக்கேயில் வரும் பூக்கள் எந்த ஊர்ப் பூக்கள், அவற்றுக்கு அர்த்தம் உண்டா, நம் ஊர் வெயிலில் நாலு நாள் வைத்திருக்க என்ன செய்வது?

தங்கையின் வரவேற்புக்கு வந்த பொக்கேயெல்லாம் மறுநாள் காலையிலேயே தலை தொங்கிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே வருத்தமாக இருந்தது. அவற்றில் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். கும்பகோணத்தில் 18 வருடமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் மாலையும் கதம்பமும் மட்டும்தான். தண்டோடு வரும் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் நான் வந்த பிறகு கடைக்குள் வந்தவை.

முதலில் தலை தொங்குவதைப் பார்ப்போம். செடியிலிருந்து வெட்டிய பிறகும் பூ உயிரோடுதான் இருக்கிறது. தண்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். ஓசூரில் சாயங்காலம் வண்டி ஏறும் ரோஜா, விடியற்காலை இங்கே வந்து இறங்கும் வரை பொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருகிறது. அதற்குள் வெட்டிய முனை வழியாகக் காற்று புகுந்து குழாயை அடைத்துவிடும். அப்படியே எடுத்து ஜாடியில் வைத்தால், கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் அதற்குக் குடிக்க வழி இல்லை.

அதனால் கட்டைப் பிரித்ததும் ஒரு வாளித் தண்ணீருக்குள் தண்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு உள்ளேயே வைத்து, முனையில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும். ஏற்கெனவே தலை தொங்கிய ரோஜாவாக இருந்தால், வெட்டிய பிறகு பத்துப் பதினைந்தைச் சேர்த்துப் பழைய செய்தித்தாளில் தலை நிமிர்ந்து நிற்கும்படி இறுக்கிச் சுற்றி, ஆழமான வாளியில் இரண்டு மணி நேரம் நிழலில் வையுங்கள். பிரிக்கும்போது பெரும்பாலானவை நிமிர்ந்து நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அப்புறம் தண்ணீர். கடை திறந்ததும் என் முதல் வேலை வாளி கழுவுவது. நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் தண்ணீர் வழவழப்பாகிவிடும். அதில் பெருகும் பாக்டீரியாதான் அடுத்து குழாயை அடைப்பது. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவம் சில சொட்டு. சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, புளிப்பு தண்ணீர் ஏறுவதற்கு, பிளீச் கிருமிக்கு. சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீர் இல்லையென்றால் கேன் தண்ணீர் போதும்.

ஜெர்பராவுக்கு மட்டும் நாலு விரல் தண்ணீர்தான். அதன் தண்டு சதைப்பற்றாக, பூனை மயிரோடு இருக்கும். ஆழத்தில் வைத்தால் அழுகும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த பூ அது. கிளாடியோலஸ் இனங்களில் பெரும்பகுதியும் அந்தப் பக்கம்தான். வாள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், இலையைப் பார்த்தாலே புரியும். அதைப் படுக்க வைத்துக் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை மன்னார்குடி மண்டபத்துக்கு வேனில் படுக்கவைத்து அனுப்பினேன். போய்ச் சேரத் தாமதமாகி, இறக்கும்போது எல்லாக் கதிரும் நுனியில் வளைந்து வானத்தைப் பார்த்திருந்தன. மண்ணின் ஈர்ப்புக்கு எதிராக நிமிரும் குணம் வெட்டிய பிறகும் அதற்குப் போவதில்லை. அன்றிலிருந்து நிற்க வைத்துத்தான் அனுப்புகிறேன்.

கார்னேஷன் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. ஒரு கல்யாணத்தில் நிச்சயதார்த்தத் தட்டுகளை முந்தின நாள் ராத்திரியே அலங்கரித்து அறையில் வைத்துப் பூட்டினோம். காலையில் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். "என்ன தம்பி, பூவெல்லாம் கண்ணை மூடிக்கிச்சு?" போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. வாடவில்லை, நிறம் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு பூவும் இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கியது. பழத்தட்டுக்குப் பக்கத்தில் இருந்தவைதான் அதிகம். அதே அறையில் மூலையில் நாலு தார் பூவன் பழம் பழுத்துக்கொண்டிருந்தது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். கார்னேஷனுக்கு அது துளிகூட ஆகாது. நம் ஊரில் வாழைப்பழம் இல்லாமல் கல்யாணமே கிடையாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பூவையும் பழத்தையும் ஒரே அறையில் பூட்டாதீர்கள். தாரைப் பழுக்கவைக்கப் புகைமூட்டம் போடும் இடத்துப் பக்கம் போகவே வேண்டாம், அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு.

ஃபிரிட்ஜ் ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் நல்லது, உள்ளே பழம் இல்லாதவரை. தாய்லாந்திலிருந்து வரும் ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் வெப்பநாட்டுப் பூக்கள். ரொம்பக் குளிரில் வைத்தால் கறுத்துப்போகும்.

சரி, அர்த்தம். கடையில் அடிக்கடி கேட்கிறார்கள், இந்தப் பூ கொடுத்தால் என்ன அர்த்தம் என்று. பூவுக்கென்று ஒட்டிப் பிறந்த அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த ஊரில் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அர்த்தம். அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் 1908இல் தன் அம்மாவின் நினைவாக வெள்ளைக் கார்னேஷனைக் கொடுத்தார், அது அன்னையர் தினப் பூவாகிவிட்டது. போர்ச்சுகலில் சர்வாதிகார ஆட்சியைப் படைவீரர்கள் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 அன்று மக்கள் அவர்களின் துப்பாக்கி முனையில் சிவப்புக் கார்னேஷன் செருகினார்கள், அங்கே அது விடுதலையின் பூ. சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. சம்பங்கி மாலை இல்லாத பெருமாள் கோயில் நம் பக்கம் உண்டா? மெக்சிகோவில் துலுக்கச் சாமந்தி, நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை வரவேற்கப் பரப்பும் பூ. இங்கே ஆயுத பூஜைக்கு லாரி முகப்பில் தொங்கும் பூ.

வெள்ளைச் செவ்வந்தி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சீனாவில் பிறந்த பூ. ஜப்பான் அரச குடும்பத்தின் முத்திரையே செவ்வந்திதான். ஆனால் அங்கே வெள்ளைச் செவ்வந்தி சாவு வீட்டுக்குரியது. வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து கல்லறைத் திருநாளுக்கு வாங்க வருபவர்களுக்கும் அது நினைவின் பூ. சுவாமிக்கு வாங்குகிறவர்களுக்கு அந்த எண்ணமே வராது. ஜப்பானிய விருந்தாளிக்குப் பொக்கே என்றால் நான் வெள்ளைச் செவ்வந்தி வைப்பதில்லை.

ஒரே ஒரு பூவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். நம் ஊரில் கார்த்திகைப்பூ என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வோம். இங்கே விதைக்காகவும் மருந்துக்காகவும்தான் பயிரிடுகிறார்கள். ஜப்பானிலும் ஹாலந்திலும் இதைப் பசுமைக்குடிலில் வளர்த்துப் பொக்கேக்கு விற்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில், கொரடாச்சேரி பக்கம் ஒரு வேலியிலிருந்து கேட்டு வாங்கி நாலு தண்டு கொண்டுவந்து கல்லாப் பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் வைத்தேன். முதல் நாள் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கியது, கடைசியில் முழுக்கச் செந்தீ நிறம். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். நீங்களும் வைத்துப் பாருங்கள். செடி முழுக்க விஷம், கிழங்கு ரொம்பவே. சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், தண்டை வெட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.