பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறது, என் 30 செ.மீ. ஹீலியம்-நியான் லேசரின் ஒளி நடுங்குகிறது. அதிர்வு தாங்கும் மேசை வாங்கினால் சரியாகுமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது என்று பாருங்கள். சேலம் அம்மாப்பேட்டையில் சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடும் கட்டடத்தில்தான் நானும் வேலை பார்க்கிறேன். தறிமேல் பழி போடுவது சுலபம். ஆனால் ஆட்டம் பெரும்பாலும் நம் அறைக்குள்ளிருந்தே வரும்.

உங்களுடையது 30 செ.மீ. திறந்த கேவிட்டி (எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள் தனித்தனி மவுண்டில், அதாவது தாங்கியில், நிற்கும் அமைப்பு) கொண்ட ஹீலியம்-நியான் லேசர் என்று எழுதியிருக்கிறீர்கள். அலைநீளம் 632.8 நானோமீட்டர். கண்ணாடிகளின் இடைவெளி 1 நானோமீட்டர் மாறினாலே ஒளியின் அதிர்வெண் சுமார் 1.6 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 316 நானோமீட்டர் மாறினால் ஒரு மோடு (கண்ணாடிகளுக்கிடையே பொருந்தி நிற்கும் ஒளி அலை) முழுதாகத் தாண்டிவிடும்.

ஒளியை ஃபோட்டோடயோடில் (ஒளியை மின் சிக்னலாக்கும் டிடெக்டர்) விழவைத்து, ஆஸிலோஸ்கோப்பில் எஃப்எஃப்டி (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடம்) போடுங்கள். உடனே ஒளியை மறைத்தும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் நிற்கும் முகடு டிடெக்டரின் சொந்தச் சரக்கு. பதிவு சில விநாடியாவது இருக்கட்டும், மிகவும் குறுகினால் 48 ஹெர்ட்ஸையும் 50 ஹெர்ட்ஸையும் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த வித்தியாசம்தான் இங்கே முக்கியம். நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50-இலோ அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸிலோ சரியாக முகடு வந்தால் பவர் சப்ளையின் மின் இரைச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எத்தனை ரப்பர் வைத்தாலும் போகாது. 48-க்குப் பக்கத்திலோ 24-க்குப் பக்கத்திலோ வந்தால் மோட்டார். இண்டக்‌ஷன் மோட்டார் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் சுற்றும். 1440 ஆர்பிஎம் என்றால் 24 ஹெர்ட்ஸ். கம்ப்ரஸர், எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அப்புறம் தறி. நிமிடத்துக்கு 150 முறை அடித்தால் 2.5 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளில் சீப்புப் பல் மாதிரி முகடுகள் வரும். இரண்டு கண்ணாடியும் ஒரே தடித்த அடித்தளத்தில் இருந்தால், இந்த மெதுவான ஆட்டத்தில் சேர்ந்தே ஆடும், இடைவெளி அவ்வளவாக மாறாது. தொல்லை என்னவென்றால், அந்த அடி கண்ணாடி மவுண்டைத் தட்டி அதன் சொந்த அதிர்வெண்ணில், பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸில், ஒலிக்க வைக்கும். பென்சிலால் மவுண்டை லேசாகத் தட்டுங்கள். அதே முகடு எழுந்தால் மவுண்டைத் தாங்கும் தண்டைக் குட்டையாக்கி, பூட்டுத் திருகை இறுக்குங்கள். மேசையை மாற்ற வேண்டியதில்லை.

கிரானைட் பலகைக்கு அடியில் ஸ்கூட்டர் டியூப் வைக்கும் வழக்கம் நல்லதுதான், மோட்டார் அதிர்வுக்கு. டியூபின் இயல்பு அதிர்வெண் சில ஹெர்ட்ஸ், அதைப்போல 1.4 மடங்குக்கு மேல்தான் அது அதிர்வைக் குறைக்கும். தறியின் 2.5 ஹெர்ட்ஸைக் கூட்டிவிடவும் கூடும்.

ஒளி நடுங்காமல் மெதுவாக ஏறி இறங்கினால் அது வெப்பம். 30 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரிக்கு 7 மைக்ரான் நீளும், இருபதுக்கு மேல் மோடு தாண்டும். சேலத்து ஏப்ரலில் கேட்கவே வேண்டாம்.

இன்னும் சந்தேகமென்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் லேசரை யுபிஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள். அன்றைக்குத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. ஆனால் யுபிஎஸ் தன் பங்குக்கு ஒரு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போடும், அதைக் கழித்துவிடுங்கள்.