காலையில் விரல் மடங்கவில்லை என்று கேட்ட சகோதரிக்கு

ஏழரைக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டணும், விரல் ஒன்பது மணி வரை மடங்குவதில்லை, மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் மூட்டுகள் வீங்கி இறுகும் முடக்குவாதம்தான் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்), 11 வருஷமாக. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருப்பது இந்த நோயின் குணம், உங்கள் குணமில்லை.

நான் அரை மணி முன்னதாக எழுந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மெதுவாக விரித்து மடக்குவேன். காய் நறுக்குவது முந்தின ராத்திரியே. கரண்டிக் காம்பில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றிவிட்டேன், பிடிக்கச் சுலபம். துணியை முறுக்கிப் பிழியவே கூடாது. குழாயில் மாட்டி இரண்டு முனையையும் சேர்த்து உள்ளங்கையால் வழித்து விடுங்கள்.

டாக்டர் உங்களுக்குப் புதிதாக எழுதித் தந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். வலிக்கிறதே என்று தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தச் சமயத்தில் இந்த மாத்திரை ஆகாது.

மாமியாரை ஒருதரம் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என் மாமியார் அங்கே என் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் கிரைண்டர் கல்லைத் தானே தூக்க ஆரம்பித்தார்.