கிளிநொச்சி வெயிலில் உருகாமல், பழுதாகாமல் வீட்டிலேயே கிறீம், சவர்க்காரம் செய்து பரிசாகக் கொடுக்கலாமா?

உங்கள் மச்சாளின் மகளுக்கு ஓகஸ்ட் கடைசியில் சாமத்தியவீடு என்றும், வருகிறவர்களில் நாற்பது பேருக்குக் கடைச் சாமானுக்குப் பதிலாகக் கையால் செய்த கிறீமும் சவர்க்காரமும் கொடுக்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம் தங்கச்சி. நான் விசுவமடுப் பக்கம். சில வருடங்களாகப் பொங்கலுக்கும் கலியாணங்களுக்கும் இப்படித்தான் செய்து கொடுத்து வருகிறேன். செய்முறைக்குப் போக முன்னம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் சேர்ந்த எதையும் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

நான் முதன்முதலில் செய்தது கற்றாழைக் கிறீம். எங்கள் வேலியோரம் கற்றாழை தானாகவே நிற்கிறது. மடலை வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளே இருக்கிற சோற்றைத் தேங்காய் எண்ணெயோடு நன்றாக அடித்து, வடிவான சின்னப் போத்தலில் போட்டுப் பொங்கலுக்கு மாமியிடம் கொடுத்தேன். பத்தாம் நாள் அவவின் வீட்டுக்குப் போனால், போத்தல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். "பிள்ளை மினக்கெட்டுச் செய்தது, எறிய மனம் வரேல்லை" என்றா. அதற்கு முந்தின இரண்டு நாளும் அதைத்தான் முகத்தில் பூசியிருக்கிறா. கன்னத்தில் சொறிந்த தடம் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கற்றாழைச் சோறு, வேப்பிலை அவித்த தண்ணீர், பன்னீர், பால், தயிர், அரைத்த பச்சை இலை என்று ஈரமுள்ள எதிலும் கிருமி வளரும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனையோ நாள் முன்பே அது தொடங்கிவிடும். கடைக் கிறீம் மாதக்கணக்கில் நிற்பது அதற்குள் அளந்து சேர்க்கிற பதப்படுத்திகளால். உங்களுக்கென்று கற்றாழை பூசுவதானால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடலாம். பரிசு அப்படியில்லை. வாங்கினவர்கள் அலுமாரியில் வைத்து, நல்ல நாளுக்கு எடுப்பார்கள்.

அதனால் எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த தைலத்தைத்தான் உங்களுக்கும் சொல்லுவேன். உதட்டுக்கு, வெடித்த குதிக்காலுக்கு, வயல் வேலை செய்து காய்ந்த கைக்கு, எல்லாவற்றுக்கும் ஆகும். நாங்கள் பார்க்கிற வீடியோக்களில் அநேகமாக ஒரு பங்கு தேன்மெழுகுக்கு ஐந்து பங்கு எண்ணெய் என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. அப்படிச் செய்த பத்துப் பேணியோடு நான் பரந்தனில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். பையை முன்கண்ணாடிக்குக் கிட்ட வைத்திருந்தேன். இறங்கும்போது எல்லாம் கூழாகி, மூடியால் கசிந்து, சுற்றியிருந்த கடதாசி முழுக்க எண்ணெய். தேன்மெழுகு உருக 62, 64 பாகை செல்சியஸ் வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு 24 பாகையே போதும், எங்கள் ஊரில் அது உறைவதே அருமை. ஆகவே இங்கே ஒன்றுக்கு மூன்று: மெழுகு 25 கிராம், தேங்காய் எண்ணெய் 50 கிராம், நல்லெண்ணெய் 25 கிராம். உருக்கியதும் ஒரு சொட்டைக் கரண்டியில் விட்டு ஆறவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பிறகு ஒரு பேணியை மட்டும் பின்னேரம் இரண்டு மணி வெயிலில் விறாந்தையில் வைத்துப் பாருங்கள். இளகினால் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

மெழுகைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கத் தேவையில்லை. காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் தேன் பிழிந்த வதையைக் கேளுங்கள், அநேகமாகச் சும்மாவே தருவார்கள். அதைத் தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் உருக்கி, பழைய சீலைத் துணியால் வடித்து, ஒரு இரவு ஆறவிடுங்கள். மெழுகு மேலே தட்டாக உறைந்திருக்கும். அடிப்பக்கத்து அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிட்டு, நிழலில் காயவிட்டு, தண்ணீரில்லாமல் இன்னொரு தரம் உருக்கி வடியுங்கள். ஈரம் ஒளிந்திருந்தால் மேலே சொன்ன கதைதான் திரும்பவும். நேர் நெருப்பில் மெழுகை வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கிற சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். அதற்குள் தேன் விட ஆசைப்படுவீர்கள், நானும் விட்டேன். தேன் எண்ணெயோடு சேராது, அடியில் போய்த் தங்கிவிடும்.

வேம்பு, துளசி சேர்க்க விருப்பமென்றால் இலையை நொறுங்குகிற அளவுக்குக் காயவைத்துத்தான் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். வாசத்துக்குக் கராம்புத் தைலம், கறுவாத் தைலம் வேண்டாம், உதட்டை எரிக்கும்.

இரண்டாவதாகக் குளியல் மா. பச்சைப் பயறு 500 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம், இரண்டு பிடி காய்ந்த ஆவாரம்பூ. எல்லாவற்றையும் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்து, அரிதட்டில் இரண்டு தரம் அரியுங்கள். தயவுசெய்து ஊர் மில்லில் கொடுக்காதீர்கள். உங்களுக்கு முதல் ஆள் செத்தல் மிளகாய் அரைத்திருப்பார். எத்தனை தட்டினாலும் அந்தக் காரம் கல்லில் நிற்கும், பிறகு அது குழந்தையின் முகத்துக்குப் போகும். வீட்டுக் கிறைண்டரையும் முதலில் ஒரு பிடி அரிசி போட்டு ஓடவிட்டுத் துடையுங்கள்.

சவர்க்காரம் பற்றியும் கேட்டீர்கள். அதற்குக் கொஸ்ரிக் சோடா (சோடியம் ஐதரொட்சைட்டு, அப்பச்சோடா அல்ல) வேண்டும். போருக்கு முந்தைய காலத்தில் எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலேயே அதைச் செய்தார்கள் என்பதைப் புதுப் பிள்ளைகள் அறிய மாட்டார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். கணக்கு இப்படி: 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்கக் கிட்டத்தட்ட 91 கிராம் சோடா பிடிக்கும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் தோலை வறட்டும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து 73 கிராம் போட வேண்டும், தண்ணீர் 180 கிராம். தண்ணீருக்குள்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும், எவர்சில்வர் எடுங்கள். கிராம் காட்டுகிற தராசும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். சோடாத் தண்ணீரை எண்ணெயோடு கலந்து, உறையவிட்டு வெட்டின பிறகும் நாலு தொடக்கம் ஆறு கிழமை காற்றில் காய வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த முறைக்குச் சவர்க்காரத்தை விட்டுவிடுங்கள். தைலமும் மாவும் போதும்.

எலுமிச்சம் சாறு கலந்த முகப்பூச்சு, வெயிலுக்குப் பூசுகிற கிறீம் இரண்டையும் ஒருவருக்கும் செய்து கொடுக்காதீர்கள். எலுமிச்சை பட்ட தோலோடு வெயிலில் போனால் நெருப்புப் பட்டதுபோலக் கொப்புளித்துக் கறுக்கும். வீட்டில் கலக்கிற பூச்சு வெயிலை எவ்வளவு மறிக்கும் என்று அளக்க எங்களிடம் வழியில்லை.

இனிக் கட்டுவது. கண்ணாடிப் போத்தல் நல்லது. எங்கள் வீட்டில் ஜாம் போத்தலை எறிகிற பழக்கமே இல்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருந்தலானபோது அம்மா ஜாம் போத்தலில்தான் விளக்குச் செய்து எங்களைப் படிக்க வைத்தா. சவர்க்காரம் கிடைக்காத நாளில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததும் அந்தக் காலம்தான். இன்றைக்கும் அந்தப் போத்தலுக்குள் தைலத்தை ஊற்றும்போது அவவின் கை எனக்கு ஞாபகம் வரும். ஆனால் பழைய மூடியை மணந்து பாருங்கள். ஊறுகாய் மணம் போகவே போகாது, மூடியை மட்டும் புதிதாக வாங்குங்கள். போத்தலைப் பத்து நிமிடம் கொதிநீரில் அவித்து, வெயிலில் கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவிடுங்கள். தைலத்தை ஊற்றினவுடன் மூடாதீர்கள், ஆவி மூடியில் வேர்த்து உள்ளே விழும். நன்றாக ஆறின பிறகு மூடுங்கள்.

அந்தப் போத்தலை வைக்கப் பனையோலைக் குட்டானை விட வடிவான பெட்டி எனக்குத் தெரியவில்லை. குளியல் மாவுக்குக் கொட்டப்பெட்டி பொருந்தும், உள்ளே எண்ணெய்க் கடதாசிப் பை ஒன்று வையுங்கள். ஓலை இழைக்கிற அம்மாக்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். ஓலையும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சை ஓலைக்குள் மா வைத்தால் கட்டிபடும். மேலே பனைநாரால் ஒரு முடிச்சு. றிபன் வேண்டாம் என்பது என் விருப்பம், உங்களுக்கு வேண்டுமென்றால் கட்டுங்கள்.

துண்டு எழுதி ஒட்டாமல் ஒன்றையும் கொடுக்காதீர்கள். செய்த திகதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது, தைலமென்றால் ஆறு மாதம், மா என்றால் இரண்டு மாதம். நல்லெண்ணெயை எழுதத் தவறாதீர்கள், எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். "முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பாருங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள், மணம் மாறினால் எறியுங்கள்" என்று கீழே எழுதுங்கள். கடைசி வரியைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். மாமியைப் போன்றவர்களுக்கு நாங்கள்தான் எறியச் சொல்ல வேண்டும்.

நாற்பது பேருக்குத் தலா 25 கிராம் என்றால் மெழுகு 250 கிராம், தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 250 கிராம். ஓகஸ்ட் தொடக்கத்தில் செய்து, வீட்டில் வெக்கை குறைந்த அறையில் வையுங்கள். மூன்று பேணி கூடச் செய்து உங்களோடே வைத்து, மாதத்துக்கு ஒருமுறை திறந்து மணந்து பாருங்கள். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கொப்பியில் பெயர் எழுதிவையுங்கள். காறல் மணம் வந்தால் அந்த நாற்பது பேருக்கும் அன்றைக்கே போன் எடுக்க வேண்டும்.