டப்பாவில் வைத்த பால்பல் உதவுமா?

அக்கா, போன வருடம் விழுந்த பால்பல்லை டப்பாவில் வைத்திருக்கிறேன், அதிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) வளர்த்து, அடிபட்டு உயிர்போன மகனின் முன்பல்லைக் காப்பாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, காய்ந்த பல்லில் செல்கள் பிழைத்திருக்காது. பல் விழுந்த கையோடு உள்ளிருக்கும் கூழை, அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்திசுவை எடுத்து, நொதியால் பிரித்து, 37 டிகிரியில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். சீனாவில் அப்படி வளர்த்த பால்பல் செல்களை அடிபட்ட முன்பற்களில் வைத்துக் கூழை மீட்டார்கள். 2018இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆனாலும் வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

அதற்காக மனம் தளர்ந்துவிடாதீர்கள். எட்டு வயதில் முன்பல்லின் வேர்நுனி பெரும்பாலும் மூடியிருக்காது. அங்கே லேசாக இரத்தம் கசிய வைத்தால், அவனுடைய சொந்த ஸ்டெம் செல்களே பல்லுக்குள் வந்து சேரும். ரீவாஸ்குலரைசேஷன் என்பார்கள். பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, சிங்கப்பூர் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் இதைக் கேளுங்கள். இந்த வாரமே போங்கள் அக்கா.