மலையுச்சிச் செடி எங்கே போகும்?

கேள்வி: வெயில் கூடக்கூட மலைச் செடிகள் மேலே ஏறுகின்றன என்கிறார்களே, வேரூன்றி நிற்கும் செடி எப்படி ஏறும்? சேர்வராயன் மலையின் உச்சியில் இருப்பவை எங்கே போகும்?
- வாசகி ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஏறுவது செடியன்று, அதன் சந்ததி. காற்றும் பறவையும் மேட்டில் சேர்க்கும் விதை முன்பு குளிரில் மடிந்தது, இப்போது பிழைத்துக்கொள்கிறது. கீழ் எல்லையிலோ தாய்ச்செடி பச்சையாகவே நின்றிருக்கும். குனிந்து பார்த்தால் அதனடியில் ஒரு கன்றுகூட இராது. அந்தத் தாயும் பட்டுப்போனபின், அந்த இனம் மலையில் உயர்ந்துவிட்டதாகக் கணக்கெடுப்பு காட்டும். சிக்கிமில் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1849-50இல் எழுதிவைத்த குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, அங்கே மட்டும் வளரும் இனங்களில் பெரும்பாலானவை இடம் மாறியிருந்தன. மேற்கு ஐரோப்பிய மலைக்காடுகளில் 171 இனங்கள் செழிக்கும் உயரம், பத்தாண்டுக்குச் சராசரியாக 29 மீட்டர் கூடியிருந்தது. எல்லாமே ஏறுவதில்லை, வெப்பத்தைவிட ஈரத்தையே பெரிதும் நம்பியிருக்கும் இனங்கள் மழையைத் தொடர்ந்து கீழே இறங்குவதும் உண்டு.

நம் மலைக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிர்கிறது; எனவே ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பழைய குளிரைத் தேடிச் செடி சுமார் 150 மீட்டர் ஏறியாக வேண்டும். ஏற்காடு ஊரே 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சேர்வராயன் உச்சியோ 1,623 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதைவிட உயர்ந்த நீலகிரிக்குப் போகலாமென்றால் நடுவே சேலமும் ஈரோடும் கொதிக்கும் சமவெளியாகக் கிடக்கின்றன. நீலக்குறிஞ்சியை எண்ணிப் பாருங்கள்: 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடிகிற செடி அது; விதையும் தாயின் அருகிலேயே தெறித்து விழுகிறது. 12 ஆண்டுக்கு ஓரடி எடுத்து வைக்கும் அதனிடம் விரைவை எதிர்பார்க்க முடியாது.

ஆயினும் அதே உயரத்திலேயே குளிர்ந்த மூலைகள் உண்டு. ஓடைப் பள்ளங்களும் சோலை நிழலும் பாசி படர்ந்த பாறை இடுக்குகளும் வெளியிடத்தைவிடக் குளிர்ச்சியாக ஈரத்தைக் காத்து வைத்திருக்கின்றன. மேலே வழியில்லாத செடிகள் ஒதுங்க எஞ்சியிருப்பவை அவையே. 1963இல் தொடங்கப்பட்ட ஏற்காடு ஆர்க்கிட் தோட்டம் சில இனங்களைத் தொட்டியில் காக்கிறது. காட்டில் அவை தாமே முளைத்து வாழ, இந்தப் பள்ளங்கள் வேண்டும். அந்த ஓடைக்கரைகளையே விடுதி கட்டுவதற்காக வெட்டிச் சமன்படுத்துவதைக் காணும்போதுதான் மனம் மிகவும் வலிக்கிறது.